அவுரித் தொட்டியும் நீலக்கொடியும்

'சாயம் வெளுத்துப்போச்சு' என்று ஒருத்தனை ஏசுகிறோம். ஏசும்போது, சாயம் என்பது மேலே பூசிக்கொண்ட பொய், வெளுப்புதான் அடியில் கிடக்கிற உண்மை என்று ஆகிவிடுகிறது. துணிக்குச் சாயம் போட்டவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தறியிலிருந்து இறங்குகிற துணி வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பாக, கஞ்சி ஏறி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். வெள்ளையையும் ஒருத்தர் உழைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சாணியில் ஊறப்போட்டு, உவர்மண்ணில் அவித்து, ஆற்றங்கரையில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் காயவைத்து, மறுபடி அடித்துத் துவைத்து. அந்த வேலைக்காரர்களுக்கு வண்ணார் என்று பெயர். நிறத்தைக் குறிக்கிற சொல்லே பெயரில் இருக்கிறது, ஊருக்குள் மரியாதை மட்டும் இல்லை. நமக்கு வெளுத்துப் போட்ட புதிரை வண்ணாரை நம்மவர்களே எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகமுடியாது.

ஒன்றரை வருஷமாக எங்கள் பகுதிப் பெண்கள் பதினாலு பேரோடு ஒரு துணி வேலையில் இருக்கிறேன். சேரியின் வரலாற்றைப் பன்னிரண்டு துணிகளில் வெட்டி ஒட்டி, தைத்து, தொங்கவிடுகிற மாதிரி செய்வது என்று திட்டம். துணியையும் நாங்களே சாயம் தோய்த்துக்கொள்வது என்று முடிவானபோது, என்னென்ன நிறம், எதிலிருந்து எடுப்பது, எத்தனை முக்கு என்று பட்டியல் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆலோசனை சொல்ல நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் அழகான அட்டை. அதில் 'கோயில் சிவப்பு', 'சந்தன மஞ்சள்', 'மரபு நீலம்' என்று கட்டம் கட்டமாக நிறங்கள். 'கோயில் சிவப்பு' என்று வாசித்ததும் எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "எந்தக் கோயிலு தம்பி? நாம உள்ள போயிப் பாத்தமா அது செவப்பா கருப்பான்னு?" வந்தவர் நல்ல மனுஷர்தான், சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. நிறங்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், யார் பெயர் விடுபட்டுப் போகிறது என்று தேட ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நீலம். நம் கொடி நீலம், நம் சுவர் நீலம், ஊருக்கு ஊர் சிலைகளின் கோட்டு நீலம். 1942-ல் நாக்பூரில் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடிக்கு அந்த நிறம். வானத்தின் நிறம், வானத்துக்குக் கீழே எல்லாரும் சமம் என்று நம் மேடைகளில் விளக்கம் சொல்வதுண்டு. நல்ல விளக்கம்தான். ஆனால் வானத்தைப் பார்த்து அண்ணாந்த கழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மண்ணில் ஒரு செடி நிற்கிறது. அவுரி. நீலம் அதிலிருந்து வந்தது, அதை அறுத்தவர் கையிலிருந்து வந்தது.

மனு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறான். நான்காம் அத்தியாயம் 216-ஆம் சுலோகத்தில் யார் யார் வீட்டுச் சோற்றைத் தின்னக்கூடாது என்று வரிசை போடும்போது வண்ணானும் சாயக்காரனும் அடுத்தடுத்து வருகிறார்கள், கள் விற்பவனுக்கும் நாய் வளர்ப்பவனுக்கும் பக்கத்தில். பத்தாம் அத்தியாயத்தில் பிராமணன் வயிற்றுப்பாட்டுக்காக வியாபாரத்தில் இறங்கினாலும் விற்கக்கூடாத பொருட்களில் 87-ல் சாயம் ஏற்றிய துணி, 89-ல் நீலமும் அரக்கும். அதே அத்தியாயத்தின் 52-ல் சண்டாளனுக்கு உடை பிணத்தின் மேல் கிடந்த துணி என்று இருக்கிறது. இவற்றைச் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். நிறம் உண்டாக்குகிறவன் தீட்டு, நிறத்தை விற்பது இழிவு, சண்டாளனுக்கோ பிணத்துணி. உடுத்திக்கொள்கிற இடத்தில் மட்டும் தீட்டைக் காணோம். காஞ்சிபுரத்துப் பட்டும் மதுரைச் சுங்கடியும் சாயத்தொட்டியில் முங்காமலா வந்தன? 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் இந்தப் புத்தகத்தை எரித்தபோது, இந்தச் சோற்றுப் பட்டியலும் சேர்ந்துதான் எரிந்தது.

நாற்றம் ஒரு காரணம் என்று சொல்வார்கள். நாறத்தான் செய்யும். அவுரி இலையில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. அறுத்த கையோடு தொட்டியில் அமுக்கி, மேலே கட்டை வைத்துத் தண்ணீர் விட்டு அரை நாள், ஒரு ராத்திரி என்று ஊறப்போட்டால் புளித்துக் கொப்பளித்துக்கொண்டு பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் வரும். அதை அடுத்த தொட்டிக்குத் திறந்துவிட்டு அடிக்க வேண்டும். காற்று கலக்கக் கலக்க நீலம் பிரிந்து நுரைத்து, பிறகு அடியில் சேறாகப் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக அறுத்துக் காயவைத்தால் வியாபாரிக்கு நீலக்கட்டி. தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று மணிக்கணக்கில் துடுப்பால் அடிக்கிறவர்கள் கரையேறும்போது எப்படி இருப்பார்கள் என்பதை 1877-ல் ஆஸ்கார் மல்லிட் என்பவர் அலகாபாத் பக்கம் எடுத்த புகைப்படங்களில் பார்க்கலாம். படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. தொட்டியில் நிற்கிற ஒருத்தர் பெயரும் இல்லை.

எங்க ஆயா திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் சின்ன வயசில் அவுரி அறுக்கப் போனவர். "விடியறதுக்கு முன்ன போவணும். வெயிலு ஏறிச்சின்னா தழை வாடிப்பூடும், தொட்டிக்காரன் திட்டுவான். பொம்பளைங்க அறுக்கறது, ஆம்பளைங்க மெதிக்கறது. வூட்டுக்கு வந்தா கஞ்சியில கூட அந்த நாத்தம்தான். நகம் நீலமாத்தான் கெடக்கும், கண்ணாலத்துக்குக்கூட போவல" என்பார். கூலி என்ன என்று கேட்டால் படிக்கணக்கில் கேழ்வரகு சொல்வார், காசு சொல்லமாட்டார். அந்தக் காலத்திலேயே அது சாகக் கிடந்த தொழில். 1880-ல் அடால்ஃப் பேயர் என்ற ஜெர்மானியர் செயற்கையாக நீலம் செய்ய வழி கண்டுபிடிக்க, 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில வருஷங்களிலேயே இந்திய அவுரி ஏற்றுமதி சரிந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சாயம் வராமல் நின்றபோது கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி படுத்தது. தென்னார்க்காட்டில் அங்கங்கே மிச்சமிருந்த வயல்களில்தான் ஆயா அறுத்திருக்க வேண்டும். இன்றைக்கும் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிராகிறது, 'இயற்கைச் சாயம்' என்று மறுபடி விலை வந்திருப்பதால்.

அவுரி என்றால் பாடப்புத்தகத்தில் வங்காளமும் சம்பாரணும்தான். 1859-60 கிளர்ச்சி, 1860-ல் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்', 1917-ல் காந்தி. அதெல்லாம் நிலம் வைத்திருந்த குடியானவன் தோட்டத்துரையை எதிர்த்த கதை. வங்காளத்து நீலத் தொழிற்சாலைகளில் தொட்டி வேலைக்குச் சோட்டா நாக்பூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆதிவாசிக் கூலிகளைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் வராது. குடியானவனின் துயரம் துயரமில்லை என்று நான் சொல்லவில்லை. துயரத்துக்கும் இங்கே வர்ணப்படி வரிசை உண்டு என்கிறேன்.

இந்த நீலம் கடலைத் தாண்டிப் போன கதை இன்னும் கொடியது. பாண்டிச்சேரிப் பக்கத்து நீலத்துணிக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் 'கினே'. ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்குப் போகிற துணி என்பதால் அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித்துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கினார்கள். அடிமை வியாபாரம் சட்டப்படி நின்ற பிறகும் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்க இந்த நீலத்துணிதான் பணம் மாதிரிப் புழங்கியது. அந்தப் பிசின் எதற்கு? ஐரோப்பாவில் துணிக்கு அச்சடிக்கிற சாயத்தைக் கெட்டியாக்க. வாங்கிக்கொண்டு போன கறுப்பர்களை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் தென் கரோலினாவிலும் செயின்ட் டொமிங்குவிலும் எந்தப் பயிரில் விட்டார்கள் என்றால், கரும்பு, நெல், பருத்தியோடு அவுரியும் உண்டு. இங்கே அடிமை மிதித்த நீலம் அங்கே அடிமையை வாங்க, அந்த அடிமை மறுபடி நீலம் மிதிக்க. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததும், 1853-லிருந்து இதே பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் நம் சனம் நிறைய. கறுப்பின இலக்கியத்தை மொழிபெயர்த்துப் படித்து உணர்ச்சிவசப்படுகிற நாம், அவர்களுக்கும் நமக்கும் நடுவே இந்தத் துணி கிடப்பதைக் கவனிப்பதில்லை.

சாயம் போட்டவர்கள் எல்லாரும் சேரிக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சோழமண்டலக் கரையில் பல சாதிக்காரர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் அந்தத் தொழிலில் இருந்தார்கள். 1734-ல் கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியபோது நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர், சாயக்காரர் என்று எண்ணிக் குடிவைத்தார்கள். அவர்களுக்குப் பேட்டை கிடைத்தது. தழை அறுத்தவருக்கும் வேர் தோண்டியவருக்கும் அது இல்லை. தொழிலுக்குள்ளேயே கலை என்று ஒரு பகுதி, கூலி என்று ஒரு பகுதி பிரித்துவிட்டு, முதல் பகுதிக்கு மட்டும் வரலாறு எழுதினார்கள்.

சிவப்பை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவைக் கிறுக்குப் பிடிக்கவைத்த சோழமண்டலச் சிவப்பு, சாயவேர் என்ற இம்பூறல் செடியின் வேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் தரையோடு படர்கிற சின்னச் செடி. வேர் நூல் மாதிரி இருக்கும். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் படிகாரம் பூசி, அந்த வேரோடு கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். துவைக்கத் துவைக்க நிறம் கூடும். இந்த ரகசியத்தை 1742-ல் பாண்டிச்சேரியிலிருந்து கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார் நீளமாகக் கடிதம் எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்? புதிதாக ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளிகளிடம். அவர்களுடைய அறிவு ஐரோப்பாவில் அச்சேறியது, பாதிரியார் பெயர் நின்றது. ஞானஸ்நானப் பேராவது எழுதியிருக்கலாம்.

அந்தத் தொழிலாளிகளுக்கும் கீழே இருந்தவர்கள் வேர் தோண்டியவர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேரை டச்சுக்காரர்கள் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். 1697-ல் யாழ்ப்பாணக் கமாண்டர் ஸ்வார்டக்ரோன், தனக்கு அடுத்து நிர்வாகம் பார்ப்பவர்களுக்கு எழுதிவைத்த குறிப்பில் சாயவேருக்கும் இடம் உண்டு, அவ்வளவு வருமானம். தோண்டுகிறவர்களுக்கு அது பிறவித் தொழிலாகவே கட்டப்பட்டது. வேர்குத்திப் பறையர் என்று ஒரு சாதிப்பெயரே அங்கே நின்றுவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு நிறத்துக்காக ஒரு சாதி. 1869 வாக்கில் அந்த வேரின் சிவப்பையும் ஜெர்மானிய ரசாயனம் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்துவிட்டது. வேருக்கு வேலை போனது, குத்தியவர்களுக்குச் சாதி போகவில்லை.

எங்களுக்குச் சாயவேர் போதுமான அளவு கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வாங்கினோம், ஏரிக்கரையில் நுணா வேர் தோண்டினோம். நுணா வேர்ப்பட்டை படிகாரத்தோடு காவிக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம் கொடுக்கிறது, செம்மண் வரப்பில் மழை பெய்தாற்போல. எங்கள் பெண்கள் அதற்கு 'களத்துமேட்டுச் சிவப்பு' என்று பேர் வைத்தார்கள். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் வைத்தோம். கடுக்காயில் தோய்த்த துணியில் அந்தத் தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே கறுக்கும். ஆனால் இரும்பு நாளாக நாளாகத் துணியைத் தின்னும், பழைய சித்திரத்துணிகளில் கறுப்பு இருந்த இடம்தான் முதலில் இற்று ஓட்டையாகும். அதனால் கறுப்பை மட்டும் தனித்துண்டாகத் தைத்திருக்கிறோம், பிற்பாடு மாற்றிக்கொள்ள வசதியாக.

நீலத் தொட்டிதான் ரொம்பப் படுத்தியது. மண்ணில் தாழியைப் புதைத்து, உவர்மண் வடித்த தண்ணீரும் சுண்ணாம்பும் விட்டு, தகரை விதையை வேகவைத்துப் போட்டு நீலத்தைக் கரைக்க வேண்டும். விதை புளித்துத் தண்ணீரிலிருந்து பிராணவாயுவை உறிஞ்சினால்தான் நீலம் கரையும். குளிர் அடித்தால் தொட்டி தூங்கும், சுண்ணாம்பு மிஞ்சினால் செத்துப்போகும். மேலே தாமிர நிறத்தில் ஆடை கட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உயிருள்ள தொட்டியில் முக்கி எடுத்த துணி பச்சையாக வெளியே வரும், காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலமாக மாறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பதினாலு பேரும் சத்தம் போட்டார்கள். இரண்டு முக்கில் வெளிர்நீலம், ஆறு முக்கில் கொடிநீலம், பன்னிரண்டுக்கு மேல் போனால் கறுப்பை ஒட்டி நிற்கும். அட்டையில் 'மரபு நீலம்' என்று இருந்தது ஏறக்குறைய நாலு முக்கு. யாருடைய மரபு?

மஞ்சளைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை. மஞ்சள் கிழங்கின் நிறம் நிற்காது. வெயிலில் வெளிறும், சோப்புப் பட்டால் சிவக்கும். கடுக்காய்ப்பூவில் தோய்த்தால் நிலைக்கும், ஆனால் மங்கல். நான் கடுக்காய்ப்பூ என்றேன். அப்போதுதான் ராமநாதபுரம் பற்றி அவர்களுக்குப் படித்துக்காட்டினேன். 1930 டிசம்பரில் அந்தப் பக்கத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன் வெள்ளி போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டை பனியன் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைக்கக்கூடாது. அந்த வரிசையில் ஒன்று, பெண்கள் பூவும் மஞ்சளும் வைக்கக்கூடாது என்பது. மீறியவர்களின் குடிசை எரிந்தது. இதற்கு எழுபது வருஷம் முன்பு, 1859-ல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்குத் தோள்சீலை அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்கள் போல உடுத்தக்கூடாது என்ற வாலை ஒட்டித்தான் அனுமதித்தது. துணி எவ்வளவு, எந்த உயரம், என்ன நிறம் என்று அளந்து அளந்து கொடுத்த சமூகம் இது.

படித்துக்காட்டியதும் மூத்தவர் முடிவாகச் சொன்னார்: "அப்ப மஞ்சக் கெழங்குதான் வேணும். நிக்காட்டி போவுது."

இன்றைய சாயத்தைப் பேசாமல் பழையதை மட்டும் பேசினால் அதுவும் ஒரு தப்பித்தல்தான். 1895-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் அனிலின் சாயத் தொழிலாளிகளுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு சொன்னார். நூறு வருஷம் கழித்து 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்கள் ஏறிய துணிகளைத் தடை செய்தபோதுதான் கரூரும் திருப்பூரும் பதறின. 1997-ல் இந்திய அரசும் எழுபது அசோ சாயங்களைத் தடை செய்தது. உடுத்துகிறவன் தோலுக்கு ஆபத்து என்றதும் ஏற்றுமதிச் சந்தை அசைந்தது, தோய்த்தவன் உடம்பு அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது விவசாயிக்கு என்ன, முதலாளிக்கு என்ன என்று பேச ஆள் இருந்தது. பட்டறையில் கைக்கு உறையில்லாமல் நின்றவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான். சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கிச் சாகிறவர்கள் எந்தச் சாதி என்று பத்திரிகைகள் எழுதுவதில்லை, நமக்குத் தெரியும்.

ஆகவே எங்கள் துணிகளின் ஓரத்தில் நிறத்தின் பெயரோடு வேலையின் பெயரையும் எழுதித் தைப்பது என்று வைத்திருக்கிறோம். நீலத்துக்கு: அறுப்பு, மிதிப்பு, முக்கு ஆறு. சிவப்புக்கு: வேர் தோண்டியது இன்னார், எத்தனை நாள். வெள்ளைக்கும் உண்டு, அதை வெளுத்துக் கொடுத்த அம்மாவின் பெயர் அவர் கையாலேயே தைக்கப்படும். நகரத்து நண்பர், இவ்வளவு எழுத்து வந்தால் துணியின் அழகு போய்விடும் என்கிறார். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டில் ஒன்பது முடிந்திருக்கிறது. மஞ்சள் துணியைக் கடைசியாகத் தோய்ப்பது, வெயில் படாமல் மடித்து வைப்பது, டிசம்பர் 6 காலையில்தான் வெளியே எடுப்பது என்று ஏற்பாடு. தகரை விதை இன்னும் நாலு படி வேண்டும், யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.